எல்லாருன்னா யாரு?

இந்த அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. மரியாதைக்குப் போன் போட்டு, "அக்கா, ஒங்களப் பத்தி எழுதப்போறேன், பேரப் போடலாமா?" என்று கேட்டேன். "என்னைய மட்டுமா எழுதுவ? ஜீப்புல வந்தவுக கதையும் சேந்துதான வரும். அவுக எல்லார்கிட்டயும் கேட்டியா?" என்றார். அந்த ஜீப்பில் வந்தவர்களில் ஒருத்தி இப்போது திருப்பூரில் இருக்கிறாள். ஒருத்தி மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். இன்னும் சிலர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. நான் எந்தத் திசையில் போய்க் கேட்க? யார் பெயருமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அக்காவோடு பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு ஒன்றே போதும், ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள்.

இன்றைக்கு நான் பழனிசெட்டிபட்டியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். அப்போது ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூடலூர் பக்கத்தில் எங்கள் ஊர். விடிவதற்கு முன்னால் ஊர் முக்கில் வண்டியை நிறுத்தி ஆரன் அடித்தால், தூக்குவாளியும் முக்காடுமாகப் பெண்கள் வந்து ஏறுவார்கள். குமுளி மலை ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டங்களில் அவர்களுக்கு வேலை. ஆள் சேர்த்துக் கூட்டிவருவது இந்த அக்கா. மற்ற ஜீப்புகளில் ஆள் சேர்க்கிற அம்மாக்கள் வாயைத் திறந்தால் வண்டியே அதிரும். ஏறுன்னா ஏறணும், எறங்குன்னா எறங்கணும். எனக்கு வாய்த்தவர் வேறு மாதிரி. எதற்கெடுத்தாலும் கேட்பார். எல்லாரிடமும் கேட்பார்.

ஒரு நாள் காலையில் மலையடிவாரத்தில் வண்டியைத் திருப்பும்போது எனக்குப் பிடித்த பாட்டைப் போட்டேன். அக்கா பின்னாலிருந்து, "ஏப்பா, பாட்டு வேணுமான்னு கேட்டியா?" என்றார். என் வண்டி, என் டீசல், என் பாட்டுப்பெட்டி. நான் யாரைக் கேட்கணும்? ஆனால் அவரிடம் அப்படிச் சொல்ல முடியாது. "பாட்டு வேணும்கிறவுக கையத் தூக்குங்கடி" என்றார். சிலர் தூக்கினார்கள், சிலர் தூக்கவில்லை. ஒருத்தி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவ முழிக்கட்டும், கேட்டுக்கிருவோம்" என்றார் அக்கா.

"தூங்குறான்னா பாட்டு வேணாம்னுதானக்கா அர்த்தம்?"

"அத நீ சொல்லாத. அவ சொல்லட்டும்."

அவள் கண்ணைத் திறந்தபோது குமுளி செக்போஸ்ட் வந்துவிட்டது. முழித்தவள், "பாட்டா? போடுங்களேன், யாரு வேணாம்னா?" என்றாள். எனக்கு ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

முன்சீட்டு விவகாரமும் இப்படித்தான். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் குலுங்காது, மழைச்சாரல் அடிக்காது. மற்ற ஜீப்புகளில் அது ஆள் சேர்க்கிறவருக்கு என்று எழுதாத சட்டம். எங்கள் வண்டியில் ஆளுக்கொரு நாள். அக்காவின் முறை வந்தால் அக்கா. இடுப்புவலிக்காரி யாராவது இருந்தால் எல்லாரையும் கேட்டு அவளை உட்கார வைப்பார். கேட்காமல் தன் முறையைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். "நான் விட்டுக் குடுத்தா அது என் தருமம் ஆயிரும். நாம எல்லாரும் குடுத்தா அவ உரிமையா உக்காருவா" என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. சரி, இந்த அம்மாவுக்கு மண்டையில் ஒரு நட்டு லூஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைப்பு மாறியது இன்னொரு நாள். ரோட்டோரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சூப்பர்வைசர் வந்து, நாளையிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லாரும் அங்கே வரலாம் என்றார். வண்டியை விட்டு இறங்கினால் தோட்டம். அரை மலை நடக்கிற நடை மிச்சம். எல்லாருக்கும் சந்தோசம். அக்கா வழக்கம்போல ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசி சீட்டில் எங்கள் ஊர் காலனியிலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தாள். நான் அவளைக் கடைசி சீட்டுக்காரி என்றுதான் மனதுக்குள் வைத்திருந்தேன். வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து நான்கு சொல் சேர்ந்தாற்போல் வந்து யாரும் கேட்டதில்லை. அவள் பேசாமல் தரையைப் பார்த்தாள்.

"மௌனம் சம்மதம். கெளம்புவோமாக்கா?" என்றேன் நான்.

"மௌனம்னா மௌனந்தான். சம்மதம்னா அவ சொல்லுவா. நீ செத்த சும்மா இரு."

எல்லாரும் காத்திருந்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அங்கன ஒதுங்க எடமில்லக்கா. சுத்தியும் ரோடு. போன வருசம் அங்கன போனப்ப, பொழுது சாயுற வரைக்கும் தண்ணியே குடிக்காம இருந்தேன்."

பிறகு ஒருத்தி, "நானுந்தான்" என்றாள். இன்னொருத்தி, "எனக்கு நீர்க்கடுப்பே வந்திருச்சு" என்றாள். அத்தனை பேரும் போன வருசம் அங்கே தாகத்தோடு நின்றிருக்கிறார்கள். அத்தனை பேரும் இதைத் தன் ஒருத்தியின் தொல்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்கா சூப்பர்வைசரிடம் போய் விசயத்தைச் சொன்னார். அவர் மலையாளத்துக்காரர். முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு, "சரி சேச்சி, ஒரு மறப்புர கெட்டித் தராம்" என்றார். ரெண்டு நாளில் தகரம் அடித்த மறைப்பு ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அக்கா கேள்வி கேட்கும்போது நான் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கப் பழகினேன்.

ஆனால் எப்போதும் நல்லதே நடந்தது என்று நான் புளுகமாட்டேன். ஒரு தடவை இவர் எல்லாரையும் கேட்டு முடிப்பதற்குள் நல்ல தோட்டம் ஒன்றை வேறு ஜீப்புக்காரி தட்டிக்கொண்டு போய்விட்டாள். பெண்கள் கொதித்துவிட்டார்கள். "இந்தக்கா கேட்டுக் கேட்டே நம்மள நாசமாக்கிரும்" என்று முகத்துக்கு நேராகவே ஒருத்தி சொன்னாள். அக்கா கோபப்படவில்லை. "அப்ப ஆள் சேக்குறது நான் இருக்கட்டுமா, வேற ஆள் பாக்குறீகளா? கையத் தூக்குங்க" என்றார். பாவி மக்கள், வேறு ஆள் என்று கையைத் தூக்கிவிட்டார்கள். என் கையும் தானாகத் தூக்கிக்கொண்டது. "நீ டிரைவரு, ஒனக்கு ஓட்டு இல்ல" என்றார்.

மறுநாளிலிருந்து வேறொரு அம்மா ஆள் சேர்த்தார். முன்சீட்டு அவருக்கே நிரந்தரமானது. அக்கா பின்னால் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை முனகாமல் வந்தார். "வருத்தமா இல்லையாக்கா?" என்று கேட்டேன். "இல்லாம இருக்குமா? ராத்திரி அழுதேன். அதுக்காக அவுக தூக்குன கையை எறக்கவா சொல்ல முடியும்?" என்றார். கொஞ்ச நாளிலேயே புது அம்மாவின் அதட்டல் தாங்காமல் பெண்கள் திரும்ப வந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். அதற்கும் ஒரு கைதூக்கல் நடத்திய பிறகுதான் வந்தார்.

அவருக்கு ஒரே தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, அக்காதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தார். தன் கல்யாணத்துக்குக்கூட, "தம்பியையும் சேத்துக் கூட்டிட்டு வருவேன், சம்மதமா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டுத்தான் கழுத்தை நீட்டினாராம். தம்பியும் தங்கமான ஆள். ஊருக்குள் திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்து, உழைத்து முன்னுக்கு வந்தவன். அக்கா மகள் மேல் உயிர். அவள் சடங்குக்கு அவன் கொண்டுவந்த தாய்மாமன் சீரை ஊரே நின்று பார்த்தது. கல்யாணத்திலும் அவன்தான் மாமன் மாலை போட்டு அவளை மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். எங்கள் பக்கம் அது இல்லாமல் பெண் மணவறை ஏறமாட்டாள். அந்தப் பெண்ணுக்கு மாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அந்த மார்கழியில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது.

எங்கள் ஊரில் தேர்தல் என்று ஒன்று நான் பார்த்ததே இல்லை. மந்தையில் ஊர்க்கூட்டம் போடுவார்கள். பெரியவர்கள் ஒருவரைச் சொல்வார்கள். வேறு யாரும் மனுப் போடக்கூடாது. போட்டியில்லாமல் தலைவர் வந்துவிடுவார். "நம்ம ஊர்ல ஓட்டுச் சண்டையே கெடையாது, ஒத்துமையான ஊரு" என்று வெளியூரில் பெருமை அடிப்போம். நானும் அடித்திருக்கிறேன். கூட்டத்தில் ஆம்பளைகள் உட்கார்ந்திருப்போம். பெண்கள் கோவில் சுவரோரம் நிற்பார்கள். காலனிக்காரர்களுக்கு முடிவு செய்த பிறகு ஆள் விட்டுச் சொல்வார்கள்.

அந்தத் தடவை பெரியவர்கள் சொன்ன பெயர், அக்காவின் தம்பி பெயர். கூட்டத்தை நடத்திய பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாருக்கும் சம்மதந்தான?" என்றார். யாரும் பேசவில்லை. சம்மதம் என்று எழுந்திருக்கப் போனார்.

"எல்லாருன்னா யாருண்ணே?"

கோவில் சுவர்ப் பக்கமிருந்து சத்தம். யாருடைய சத்தம் என்று நான் திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை.

"ஏம்மா, நிக்கிறது ஒன் தம்பி. ஒனக்கு என்ன கொற?" என்றார் பெரியவர்.

"கொற ஒண்ணுமில்லண்ணே. என் தம்பி நல்லவன். நல்லவந்தான, வீடு வீடாப் போயிக் கேக்கட்டுமே. இங்கன நிக்கிற பொம்பளைககிட்ட யாரும் கேக்கல. காலனியில ஒருத்தர்கிட்டயும் கேக்கல. எல்லாருக்கும் சம்மதம்னு எப்படிச் சொல்றீக?"

"போட்டின்னு வந்தா ஊரு ரெண்டாப் போயிரும்."

"எங்க ஜீப்புல தெனமும் கையத் தூக்குறோம். வண்டி ரெண்டாவா போச்சு?"

ஆம்பளைகள் சிரித்தார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் சுண்டிவிட்டது. வேறு ஆள் யாராவது நிற்கட்டும் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். ஊரைப் பகைத்துக்கொள்ளப் பயந்து ஒருத்தரும் அசையவில்லை. "யாரும் நிக்கலைன்னா நான் நிக்கிறேன். ஓட்டு நடக்கணும், எனக்கு அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்துவிட்டார்.

வீட்டுக்காரரிடம் கேட்டாரா என்று மறுநாள் ஜீப்பில் கிண்டலாகக் கேட்டேன். கேட்டாராம். "நான் நிக்கட்டுமா?" என்றிருக்கிறார். மனுசன் யோசித்து, "வேணாம்னா நிக்கமாட்டியா?" என்றிருக்கிறார். "நிப்பேன். ஆனா கேக்கணும்ல" என்றாராம் அக்கா. "அப்ப நில்லு" என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது வண்டியே சிரித்தது.

யூனியன் ஆபீசில் மனுக் கொடுக்க நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். மனுவில் தம்பி பூட்டு சாவி சின்னம் கேட்டிருந்தான். அக்கா கேட்டது கத்தரிக்கோல். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "அக்கா தம்பி உறவ வெட்டத்தான் கத்தரிக்கோல்" என்று டீக்கடையில் பேசினார்கள். பெரியவர் அக்கா வீட்டு வாசலில் நின்று, "தாய்மாமன் இல்லாம மக கல்யாணத்த எப்படி நடத்துறேன்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே தம்பி வந்தான்.

"நான் என்னக்கா கொற வச்சேன்?"

"நீ ஒரு கொறையும் வைக்கலடா. நான் வளத்தேன், ஒன்னைய எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேணாமா?"

"வாபஸ் வாங்கிரு. இல்லைன்னா இந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்."

அவன் போய்விட்டான்.

வாபஸ் வாங்கக் கடைசி நாளன்று முன்சீட்டு அக்காவின் முறை. மலை ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, துடைக்கவும் இல்லை. "அவன் வரலைன்னா என் மகள யாருப்பா மணவறைக்குக் கூட்டிட்டு வருவா?" என்றார். எனக்குத் தாங்கவில்லை. ஊர் எப்படியோ போகட்டும், வண்டியைத் திருப்பட்டுமா, ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றேன். "மகள்கிட்டக் கேட்டேன்" என்றார் அக்கா. "மாமா ஒன்மேல கோவப்பட்டாலும் எம்மேல கோவப்படமாட்டாரு, நீ நில்லும்மான்னு சொல்லிட்டா. அப்பறம் நான் எப்படித் திரும்ப?" நான் வண்டியைத் திருப்பவில்லை.

அவர் ஓட்டுக் கேட்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும். எனக்குப் போடுங்கள் என்று ஒரு வீட்டில்கூடச் சொல்லவில்லை. "தம்பி நிக்கிறான், நானும் நிக்கிறேன். ரெண்டு பேருல யாருன்னு நீங்களே பாத்துக்கங்க. ஆனா வந்து போடுங்க" என்பார். ஒரு வீட்டில் கணவன் முன்னால் வந்து, "எங்க வீட்ல நான் சொல்ற ஆளுக்குத்தான் எல்லாரும் போடுவாக" என்றார். "அப்ப ஒங்க வீட்ல ஒரே ஓட்டுதானாண்ணே?" என்று அக்கா கேட்டார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது.

எதிராளி ஒருத்தி இப்படித் தெருத்தெருவாகப் போனால் தம்பி மட்டும் வீட்டில் உட்கார முடியுமா? அவனும் கிளம்பினான். எங்கள் ஊரில் தலைவர் ஆகப்போகிற ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு வாசலில் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தோம். காலனிக்கும் போனான். நான் வண்டியோடு அங்கே நின்றிருந்தேன். வெள்ளை வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்தான். கடைசி சீட்டுக்காரி வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அவன் கும்பிட்டான்.

"கும்புடுறது இருக்கட்டும், இங்கிட்டு வாங்க" என்றாள் அவள். "எங்க குழாயப் பாத்துட்டுப் போங்க."

நாலு சொல் சேர்த்துப் பேசாதவள்! நான் வாயைப் பிளந்துவிட்டேன். தெருமுனையோடு பைப் நின்றுபோயிருந்தது. மிச்சத் தெருவுக்குத் தண்ணீர், முனையில் ஒரு குழியிலிருந்து குனிந்து மொள்ள வேண்டும். அதனால்தான் அத்தனை சேறும். பல வருசமாக அப்படியே கிடந்திருக்கிறது. தம்பி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பிறந்து வளர்ந்த ஊர் அது. "நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல" என்று யாரிடமென்று இல்லாமல் சொன்னான். "ஜெயிச்சா மொதல் வேல இதுதான்" என்றும் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள்.

எல்லா வீட்டுக்கும் போனவன் அக்கா வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

தேர்தல் நடந்தது. பெண்கள் முதலில் வந்து வரிசையில் நின்றார்கள். தம்பி ஜெயித்தான். பெரியவர்கள் அவனுக்கு மாலை போட்டு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரோட்டோரம் நின்ற அக்கா பக்கம் அவன் திரும்பவில்லை. மறுநாள் விடியற்காலையில் தூக்குவாளியோடு அக்கா ஜீப்பில் ஏறினார்.

"தோத்துட்டீகளேக்கா" என்றேன்.

"ஓட்டு நடந்துச்சுல்ல" என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை.

"நீங்க யாருக்குப் போட்டீக?"

"அதுக்குத்தானப்பா அட்டைய வச்சு மறைச்சிருக்காக. ஒங்கிட்டச் சொல்றதுக்கா?"

இத்தனை வருசமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சொல்லவில்லை. தம்பிக்குத்தான் போட்டிருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

பதவியேற்றதும் தம்பி சொன்ன சொல் தவறாமல் காலனியில் பைப்புக்குக் குழி தோண்ட ஆரம்பித்தான். பெரியவர்களுக்கு அது ஆகவில்லை. மேலத்தெரு இருக்கும்போது அங்கே என்ன அவசரம் என்றார்கள். நாங்கள் உட்கார வைத்த பொம்மை எங்களையே முறைக்கிறதா என்றார்கள். அவன் நிறுத்தவில்லை. அதற்குள் மாசி வந்துவிட்டது.

கல்யாணப் பத்திரிகையைத் தம்பி வீட்டுக்கு அக்காவே கொண்டுபோனார். அவன் வீட்டில் இல்லை. அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "வாறானான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவந்தார். பதில் வரவில்லை.

கல்யாணத்தன்று காலை நான் பந்தலில்தான் நின்றேன். மணவறை தயார். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டார். பெண் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மாமன் மாலையைக் காணோம். ஐயர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் குசுகுசு என்று பேச ஆரம்பித்தார்கள். அக்காவின் பெரியப்பா மகன் ஒருவர் முன்னால் வந்து, "நானும் மாமன் முறைதான, நான் மாலை போடுறேன். நேரம் போகுதுல்ல" என்றார். எல்லாரும் சரி, சரி என்றார்கள். அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் நேராக மகளிடம் போய் மண்டிபோட்டு உட்கார்ந்தார்.

"ஆத்தா, நேரமாகுது. இந்த மாமா மாலை போடட்டுமா? நீ சொல்லு."

"பொண்ணுகிட்டப் போயி என்னம்மா கேள்வி?" என்றார் மாப்பிள்ளைவீட்டுப் பெரியவர் ஒருவர்.

"கட்டிக்கிறது அவதானங்கய்யா" என்றார் அக்கா.

பெண் தலையை நிமிர்த்தினாள். "எம்மாமா வருவாக. இருங்க" என்றாள்.

இருந்தோம். இருக்கிற நேரம் இருக்கிறதே, அதைப் போல ஒரு கொடுமை கிடையாது. நானே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவரலாமா என்று சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் மேளச் சத்தம் கேட்டது. வரவேண்டிய பக்கமிருந்து இல்லை. காலனிப் பக்கமிருந்து.

ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்னால் மேளம். அதற்குப் பின்னால் பட்டு வேட்டியும் கையில் மாலையுமாகத் தம்பி. அவனுக்குப் பின்னால் சீர்த்தட்டுகள். தட்டுத் தூக்கியிருந்தவர்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துபோயிற்று. எதிர்த்து நின்றவள் வீட்டுக்குச் சீர் தூக்கமாட்டோம் என்று பங்காளிகள் காலையில் கையை விரித்திருக்கிறார்கள். மேலத்தெரு வழியாக மேளம் போகக்கூடாது என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அவன் காலனிக்குப் போயிருக்கிறான். பழத்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்தவள் கடைசி சீட்டுக்காரி. அவளுக்குப் பின்னால் எங்கள் ஜீப்புப் பெண்கள் எல்லாரும். சுற்றி வந்ததால்தான் அத்தனை நேரமாயிருக்கிறது.

பந்தலில் சிலர் முகம் மாறியது. இரண்டொருவர் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் சாப்பிடாமலே போனார்கள் என்று பின்னால் தெரிந்தது. போகட்டும்.

தம்பி படிக்கட்டில் நின்றான். மிதிக்கமாட்டேன் என்று சொன்ன வாசப்படி. அக்கா உள்ளேயிருந்து வந்து அவனைப் பார்த்தார். கண் நிறைந்து வழிகிறது. ஆனால் புத்தி போகுமா?

"ஏலே, பெரியவுகள்லாம் கோவமா இருக்காகளே. அவுககிட்டக் கேட்டுட்டு வந்தியா?"

"இல்லக்கா."

"ஒம் பொண்டாட்டிகிட்டயாச்சும்?"

"அவளும் வாறா, பின்னால. அவகிட்டயும் கேக்கல." அவன் மாலையைத் தூக்கிக் காட்டினான். "எங்கக்கா மகளுக்கு மாலை போட நான் யாருகிட்டக்கா கேக்கணும்?"

அக்கா கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்படியே அவன் கையைப் பிடித்து, படியைத் தாண்டி உள்ளே இழுத்துக்கொண்டு போனார். தட்டோடு வெளியே நின்ற கடைசி சீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "நாங்களும் உள்ள போலாமாண்ணே?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது: "அவ எங்க? தட்டோட வந்தவுக எல்லாரும் உள்ள வாங்கடி."